பொலோன்யாவில் படிக்கப் போகிறீர்களா? சமையல்கட்டுக்கும் போங்கள்

இத்தாலியில் முதுகலை படித்தவன் என்று தெரிந்ததும், பிள்ளைகளை அங்கே அனுப்ப நினைக்கும் பெற்றோர் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விதான். எவ்வளவு செலவாகும்? சாப்பாட்டுக்கு என்ன செய்தாய்?

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. பொலோன்யா இருக்கும் எமிலியா-ரோமான்யா பிராந்தியத்தில் ஏர்-கோ என்ற அரசு அமைப்பு குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை கொடுக்கிறது. வெளிநாட்டு மாணவர்களும் கேட்கலாம். வருமானச் சான்றிதழ்களை மொழிபெயர்த்து, சட்டப்படி சான்றொப்பம் வாங்க இங்கே நாளாகும். அட்மிஷன் வரட்டும் என்று காத்திருக்காமல் முன்பே தொடங்கிவிடுங்கள். போய் இறங்கிய 8 வேலை நாளுக்குள் தபால் நிலையத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை முழுவதும்.

பொலோன்யா பல்கலைக்கழகம் 1088-ல் தொடங்கியதாகக் கணக்கு. மேற்குலகில் அதைவிடப் பழைய பல்கலைக்கழகம் இல்லை என்பார்கள். அந்த ஊருக்கு இத்தாலியர்கள் வைத்த பட்டப்பெயர்களில் ஒன்று படித்தவள், இன்னொன்று கொழுத்தவள். நான் போனது முதலாவதுக்காக. பொருளியல் வகுப்பில் கற்றதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊரையும் அதன் மனிதர்களையும் பற்றி நான் தெரிந்துகொண்டதில் முக்காலே மூணுவீசம் சமையல் மேசைகளைச் சுற்றி வந்தது. அதிலும் ஓட்டல் மேசையில் வந்தது ரொம்பக் கொஞ்சம்.

எங்கள் வாடகை வீட்டில் என்னைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் இத்தாலியர்கள். ஆனால் ஒருவருக்கும் பொலோன்யா சொந்த ஊர் இல்லை. தெற்கே பாரியிலிருந்து ஒரு பெண், சிசிலித் தீவிலிருந்து ஒருவன், வடக்கே மலைப்பக்கத்திலிருந்து ஒருவன். தெற்கத்திப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து அட்டைப்பெட்டிப் பார்சல் வரும். அம்மா அனுப்பிய ஆலிவ் எண்ணெய், கோடையில் வீட்டிலேயே காய்ச்சிப் பாட்டிலில் அடைத்த தக்காளிச் சாறு, தராலி என்கிற முறுக்கு மாதிரி மொறுமொறுப்பான வளையங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால், இங்கே ஹாஸ்டலில் பருப்புப்பொடி டப்பாவைத் திறக்கிற எந்தப் பிள்ளையும் அதை அடையாளம் கண்டுகொள்ளும். எனக்கும் வீட்டிலிருந்து பார்சல் வரும். இரண்டையும் ஒரே மேசையில் பிரிப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

என் முதல் பாடம் அந்த மேசையில்தான். பாரிப் பெண்ணுக்கு பொலோன்யாச் சாப்பாடு கிட்டத்தட்ட எனக்கு இருந்த அளவுக்கே அந்நியமாக இருந்தது. அவள் ஊரில் பாஸ்தாவுக்கு முட்டை போட மாட்டார்கள். கடின கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும். கட்டைவிரலால் அழுத்திக் காதுமடல் போலச் செய்வார்கள், ஒரெக்யெத்தே என்று பெயர். பொலோன்யாவில் மென்மையான கோதுமை மாவு, 100 கிராமுக்கு ஒரு முட்டை, தண்ணீர் கிடையாது. போ ஆற்றுச் சமவெளியின் ஈரத்தில் மென்கோதுமை விளைகிறது. தெற்கின் வெயிலில் கடின கோதுமை விளைகிறது, செய்த பாஸ்தா வெயிலிலும் காற்றிலும் காய்கிறது. மண்ணும் வானமும் முடிவு செய்ததை அந்தந்த ஊர் தன் பெருமையாக ஆக்கிக்கொண்டிருக்கிறது. அவளுக்குச் சமையலில் வெண்ணெய் என்றாலே ஆகாது. எல்லாவற்றுக்கும் ஆலிவ் எண்ணெய்தான்.

ஆகவே ஒரு யோசனை. வெளிநாட்டில் படிக்கப் போனால், வேறு ஊரிலிருந்து அங்கே வந்து படிக்கும் உள்நாட்டுப் பிள்ளைகளோடு வீடு எடுங்கள். தன் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்குகிறவர்கள் அதைப் பற்றி விரிவாகப் பேசுவார்கள். தாங்கள் வந்திருக்கும் ஊரில் எது வேறுபடுகிறது என்பதையும் கூர்ந்து கவனித்திருப்பார்கள். உள்ளூர்க்காரருக்கு அது கண்ணிலேயே படாது.

உலகம் முழுக்க மெனு கார்டில் இருக்கிற ஸ்பகெத்தி போலொனீஸ் பொலோன்யாவின் வீடுகளில் கிடையாது. இறைச்சியை மணிக்கணக்காக மெல்லிய தீயில் வேகவைத்த ராகூ என்ற குழம்பை அங்கே தால்யத்தெல்லே என்னும் முட்டைப் பாஸ்தாப் பட்டைகளோடுதான் சாப்பிடுவார்கள். ஸ்பகெத்தி வழுக்கும், குழம்பு தட்டிலேயே தங்கிவிடும். சொரசொரப்பான பட்டை குழம்பைப் பிடித்துக்கொள்ளும். இதில் எவ்வளவு உறுதியாக இருக்கிறார்கள் என்றால், வெந்த தால்யத்தெல்லேயின் அகலம் 8 மில்லிமீட்டர் என்று 1972-ல் அந்த ஊர் வர்த்தக சபையில் பதிவு செய்திருக்கிறார்கள். தங்கத்தில் ஒரு மாதிரியும் செய்து வைத்திருக்கிறார்கள். அது ஊர் நடுவில் நிற்கும் அசினெல்லி என்ற பழைய கோபுரத்தின் உயரத்தில் 12,270-ல் ஒரு பங்காம். 1974-ல் தொர்த்தெல்லினி என்ற, பூரணம் வைத்து மடிக்கும் சின்னப் பாஸ்தாவின் பூரணத்துக்கும் 1982-ல் ராகூவுக்கும் இதே மரியாதை கிடைத்தது. ஆனால் பதிவேட்டில் உள்ளபடியே ராகூ வைக்கிற ஒரு வீட்டை நான் பார்த்ததில்லை. ஒருவர் பால் ஊற்றுவார், ஒருவர் மாட்டேன் என்பார், இன்னொருவர் தக்காளியைத் துளியாகத்தான் சேர்ப்பார். "உங்க வீட்ல எப்படிப் பண்ணுவீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பஸ் ஸ்டாப்பில்கூட அரைமணி நேரம் பேச்சு ஓடும். சமையல் தெரியாத ஆம்பளைகளும் அம்மா எப்படிச் செய்தார் என்று சொல்வார்கள். இத்தாலி மொழி எனக்குப் படிந்தது இந்தக் கேள்வியால்தான்.

கீழ்வீட்டில் எழுபது தாண்டிய ஒரு பாட்டி இருந்தார். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பரில் பல வாரம் நடக்கும் ஃபெஸ்தா தெல்லூனிதா என்ற விழாவின் சமையற்கூடத்தில் அவர் தொண்டர். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகைக்கு நிதி திரட்டத் தொடங்கிய விழா அது. இப்போது மைய-இடதுசாரி ஜனநாயகக் கட்சி நடத்துகிறது. நகரின் வடக்கே பெரிய பூங்காவில் கூடாரங்கள் போட்டு, கூட்டம், கச்சேரி, பிறகு சாப்பாடு. சமைப்பதும் பரிமாறுவதும் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். மாடிப்படியில் அவர் பை நிறையப் பலகையும் துணியுமாக இறங்குவதைப் பார்த்து, தூக்கிக்கொண்டு கூடவே போனேன். உதவிக்கு நானும் வரட்டுமா என்று கேட்டேன். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "சுண்டுவிரல் சின்னதா இருக்கு. உனக்கு நல்லா வரும், வா."

நீளமான மேசை. இருபுறமும் பாட்டிகள், நடுவில் சில தாத்தாக்கள். மேசையின் ஒரு கோடியில் மாவு தேய்ப்பவர்கள். பிசைந்த மாவை அரைமணி நேரம் மூடி வைத்து, பிறகு மரப்பலகையில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீள உருளையால் தேய்க்கிறார்கள். நம் பூரிக்கட்டை போல நடுவில் அழுத்தித் தேய்ப்பது இல்லை. மாவின் ஓரத்தை உருளையில் சுற்றிக்கொண்டு, உள்ளங்கைகளை நடுவிலிருந்து வெளிப்பக்கம் நகர்த்திக்கொண்டே இழுக்கிறார்கள். மாவுத் தகடு மேசையைத் தாண்டித் தொங்கும். அதை வயிற்றால் மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை இழுப்பார்கள். பளிங்குக்கல் மேல் தேய்க்கக் கூடாதா என்று கேட்டேன். மரத்தின் சொரசொரப்பு மாவில் ஏறவேண்டும், கல்லில் தேய்த்தால் வழவழவென்று ஆகிவிடும் என்றார் ஒரு பாட்டி. தகட்டைத் தூக்கிப் பிடித்தால் அதன் வழியே சான் லூகா தெரியவேண்டும் என்பது அவர்கள் அளவுகோல். சான் லூகா என்பது ஊருக்கு வெளியே குன்றின் மேல் இருக்கும் மாதா கோயில். அதற்கு ஏறிப் போக 666 வளைவுகள் கொண்ட, கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் நீளக் கூரை நடைபாதை ஒன்று இருக்கிறது. நடந்தே போய்ப் பாருங்கள். மழையிலும் நனையாமல் போகலாம்.

தகட்டைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டுவார்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் பட்டாணி அளவு பூரணம். முக்கோணமாக மடித்து, ஓரங்களை அழுத்தி, சுண்டுவிரல் நுனியில் சுற்றி, இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு அழுத்து. விரலிலிருந்து கழற்றித் தட்டில் போட்டால் ஒரு தொர்த்தெல்லினோ. ஈரம் காய்வதற்குள் மடித்தாக வேண்டும், காய்ந்தால் ஒட்டாது. அதனால் வெட்டுபவரும் மடிப்பவரும் ஒரே வேகத்தில் போகவேண்டும். கை பாட்டுக்கு வேலை செய்ய, வாய் ஓயாது. பென்ஷன், பேரனுக்கு வேலை கிடைக்காதது, மேயர், கால்பந்து, யார் வீட்டில் தொர்த்தெல்லினி அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கும் என்கிற புரளி. பெரிதாகச் செய்வது சோம்பேறித்தனத்தின் அடையாளம். ஒரு கரண்டியில் பல தொர்த்தெல்லினி அடங்கவேண்டும்.

இப்படிப்பட்ட மேசை எமிலியா-ரோமான்யாவின் பல சிற்றூர்களிலும் போடப்படுகிறது. சாக்ரா என்று ஊருக்கு ஊர் ஒரு பண்டத்தை வைத்துத் திருவிழா நடத்துகிறார்கள். சமையற்கூடத்துக்கு எப்போதும் ஆள் தேவை. இதற்குத் தனிப் படிப்போ அறிமுகமோ வேண்டாம். சாப்பிட வரட்டுமா என்று கேட்டால் ஒரு வேளைச் சாப்பாடு கிடைக்கும். உதவிக்கு வரட்டுமா என்று கேட்டால், அடுத்த ஆண்டும் உங்களுக்கு அந்த மேசையில் ஒரு நாற்காலி இருக்கும்.

சரி, பூரணத்துக்குள் என்ன? பன்றி இறைச்சி, ப்ரொஷூத்தோ என்ற உப்பிட்ட பன்றித் தொடை, மொர்த்தாதெல்லா என்ற பன்றி இறைச்சிச் சுருள், பார்மிஜானோ சீஸ், முட்டை, ஜாதிக்காய். நான் பன்றியும் மாடும் சாப்பிடுவதில்லை. கையால் தொட்டு மடிப்பதில் எனக்குத் தடை இல்லை. இதை முதல் நாளே நேராகச் சொல்லிவிட்டேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு பாட்டி மட்டும் யோசித்துவிட்டு, "அப்படின்னா உனக்கு தினமும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தான்" என்றார்.

எனக்குக் கிடைத்த சாவி அதுதான். கத்தோலிக்க மரபில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், புனித வெள்ளி போன்ற நாட்களில் இறைச்சி கூடாது. அந்த நாட்களுக்கென்று தலைமுறை தலைமுறையாக ஒரு தனிச் சமையலே வளர்ந்திருக்கிறது. 'தி மாக்ரோ' என்பார்கள். நம் விரதச் சமையல் மாதிரி. கொஞ்சம் பெரிதாக மடித்த தொர்த்தெல்லோனிக்குள் ரிகோத்தா என்ற மென்மையான சீஸும் பார்ஸ்லி அல்லது கீரையும் வைத்து, வெண்ணெயில் சேஜ் என்ற வாசனை இலையைப் பொரித்து மேலே ஊற்றுவது அதில் முக்கியமானது. சைவம் என்று சொன்னால் சில வீடுகளில் என்ன கொடுப்பது என்று தவிப்பார்கள். தி மாக்ரோ இருக்கிறதா என்று கேட்டால் பாட்டிக்கு உடனே நாலு பண்டம் நினைவுக்கு வரும். எந்த நாட்டுக்குப் படிக்கப் போனாலும் அந்த மக்களின் விரத நாள் சமையலை முதலில் விசாரியுங்கள் என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன்.

முழுச் சைவர்களுக்கு இன்னும் சில குறிப்பு. ஃபெர்ராராவில் பூசணிக்காய்ப் பூரணம் வைத்த கப்பெல்லாச்சி கிடைக்கும். குழம்பு வேண்டாம், வெண்ணெயும் சேஜும் போதும் என்று சொல்லி வாங்குங்கள். அதுவே ராகூவோடும் வரும். ரோமான்யாப் பக்கத்தின் பியதீனா ரொட்டி பார்க்க நம் சப்பாத்தி போலத்தான் இருக்கும். ஆனால் பழைய முறையில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், ஸ்த்ருத்தோ என்று பெயர். ஆலிவ் எண்ணெயில் செய்ததும் கிடைக்கும், கேட்டு வாங்கலாம். பொலோன்யாவில் க்ரெஷெந்தீனே என்று பூரி போல உப்பி வரும் பண்டத்தைப் பன்றிக் கொழுப்பிலேயே பொரிப்பதும் உண்டு. பார்மிஜானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையை வைத்துத்தான் திரிக்கிறார்கள். இதில் மாற்று வழிக்கு விதியே இடம் தருவதில்லை. தாவர உறையில் செய்த வேறு சீஸ்கள் சூப்பர்மார்க்கெட்டில் இருக்கும், லேபிளைப் படியுங்கள். சூப் எல்லாமே இறைச்சி வேகவைத்த தண்ணீரில் தொடங்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பார்மிஜானோ சீஸ் செய்யும் இடத்தை ஒருமுறையாவது விடியற்காலையில் போய்ப் பாருங்கள். பல பட்டறைகள் விவசாயிகளின் கூட்டுறவு அமைப்புகள், சொல்லிவிட்டுப் போனால் காட்டுவார்கள். முந்தைய மாலைப் பாலை இரவு முழுக்க ஆறவைத்து, ஏடு எடுத்து, காலைப் பாலோடு கலந்து, தலைகீழ் மணி போன்ற செம்பு அண்டாவில் ஊற்றுகிறார்கள். திரிந்ததை அரிசி மணி அளவுக்கு உடைத்து, சூடேற்றி, அடியில் திரண்ட உருண்டையைத் துணியில் ஏந்தி இரண்டாக வெட்டுகிறார்கள். ஒரு சக்கரம் சுமார் 40 கிலோ, அதற்கு 550 லிட்டர் பால். உப்புநீரில் சில வாரம், பிறகு அலமாரியில் குறைந்தது 12 மாதம். அப்புறம்தான் பரிசோதகர் வந்து சின்னச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்து உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று சொல்வார்.

அந்தப் பாலைக் கறப்பவர்களில் நிறையப் பேர் பஞ்சாபியர்கள். போ சமவெளியின் மாட்டுத்தொழுவங்களில் விடியுமுன் எழுந்து செய்கிற அந்த வேலைக்கு இத்தாலிய இளைஞர்கள் வருவது குறைந்தபோது, 1980-களிலிருந்து சீக்கியக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. ரெஜ்ஜோ எமிலியா அருகே நொவெல்லாரா என்ற சிற்றூரில் 2000-ல் ஒரு பெரிய குருத்வாரா திறந்தார்கள். அங்கே ஒரு ஞாயிறு போனேன். பருப்பும் ரொட்டியும் பாயசமும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவர் தொழுவத்தில் வேலை செய்பவர். அவருடைய பிள்ளைகள் உள்ளூர் வட்டார வழக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தாலியின் சீஸ் என்று உலகம் பெருமையாக வாங்குவதில் இந்த மனிதர்களின் அதிகாலைகள் இருக்கின்றன. சுற்றுலாக்காரருக்கு இதை யாரும் காட்டுவதில்லை. ஒரு ஊர்ச் சாப்பாட்டைக் கற்கப் போகிறவர் இதையும் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

2019 அக்டோபரில் ஒரு சர்ச்சை வெடித்தது. பொலோன்யாவின் காவல் புனிதர் பெத்ரோனியோவின் திருநாள் அக்டோபர் 4. அன்று நடக்கும் ஊர் விருந்தில் வழக்கமான தொர்த்தெல்லினியோடு, பன்றி சாப்பிடாதவர்களுக்காகக் கோழிப் பூரணம் வைத்ததையும் கொஞ்சம் செய்யலாம் என்று ஏற்பாட்டாளர்கள் முடிவு செய்தார்கள். முன்னாள் உள்துறை அமைச்சர் மத்தேயோ சால்வீனி அதைக் கடுமையாக எதிர்த்தார். மரபை அழிக்கிறார்கள் என்று நாடு முழுக்கப் பேச்சு. நான் இதை அந்த மேசையில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பாட்டிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். பூரணத்தை மாற்றினால் அதற்குத் தொர்த்தெல்லினி என்று பெயர் வைக்காதே என்றார் ஒருவர். போர்க்காலத்தில் எங்க அம்மா கையில் கிடைத்ததை வைத்துத்தான் மடித்தாள், அது மட்டும் தொர்த்தெல்லினி இல்லையா என்றார் இன்னொருவர். என் பக்கம் இரண்டாமவர் பக்கம்தான். தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அவை வருமுன் இத்தாலியிலும் சமையல் இருந்தது, நம் ஊரிலும் ரசம் மிளகோடு இருந்தது. ஆனாலும் முதலாமவரின் கவலையை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். தன் கைக்குப் பிறகு இதை யார் மடிப்பார்கள் என்ற பயம் அவருக்கு இருந்தது. அந்த மேசையில் இருந்தவர்களில் அறுபதுக்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் அந்தப் பயம் புரியும்.

வாங்கிக்கொண்டே இருக்கக் கூடாது, நம்முடையதையும் கொடுக்க வேண்டும். அங்கே குளிர்காலத்தில் விருந்து இறைச்சிச் சூப்பில் தொடங்கும். அதனால் ரசத்தை முதலில், சின்னக் கிண்ணத்தில், தனியாகக் கொடுத்தேன். எடுத்ததும் புரிந்துகொண்டார்கள். சாதத்தோடு பிசைந்து கொடுத்திருந்தால் அந்த வரவேற்பு கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன். புளியின் அளவைப் பாதியாக்கினேன், மிளகைக் குறைக்கவில்லை. கீழ்வீட்டுப் பாட்டி இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கி, இதில் தொர்த்தெல்லினியைப் போட்டால் என்ன ஆகும் என்று தீவிரமாக யோசித்தார். ரிசோத்தோ என்கிற இத்தாலியக் குழைசாதத்துக்கு விற்கும் குண்டு அரிசியில் வெண்பொங்கல் நன்றாகக் குழைந்து வரும். ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் பொலொன்யீனா பகுதியில் தெற்காசியக் கடைகளில் துவரம்பருப்பு, பெருங்காயம், கடுகு எல்லாம் கிடைக்கும். தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்து, வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மூடிய குளிர்கால வீட்டில் மிளகாய்க் கமறல் நாள் முழுக்க நிற்கும்.

பெட்டி கட்டும்போது ஒன்று கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கையோடு கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, மைசூர்பாகு எதுவும் வேண்டாம். அங்கே நல்ல வெண்ணெய் மலிவாகக் கிடைக்கும், உருக்கிக்கொள்ளலாம். பச்சைக் கறிவேப்பிலையையும் சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள். வறுத்து அரைத்துப் பொடியாக எடுத்துப் போங்கள். ரசப்பொடியை மட்டும் உங்களுக்குத் தேவையானதைவிட இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்வீட்டுக்காரர்கள் கேட்பார்கள்.